கஞ்சியா, பசையா? அப்ளிக் துண்டின் ஓரம் மடிக்கிற வேலை

துணியில் இலை, பூ என்று உருவம் வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற அப்ளிக் வேலைக்கு உட்கார்ந்து பாதியில் மூட்டை கட்டி வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் ஓரத்தைத்தான் திட்டுவார்கள். இலையும் பூவும் வெட்டுகிற வரைக்கும் ஜோராக இருக்கும். அந்தக் கால் இஞ்ச் துணியை உள்ளே மடித்து, மடிப்பு பிரியாமல், வளைவு கோணாமல் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும் என்றதும் பத்து விரலும் போதாது. ஊசி முனையாலேயே ஓரத்தைத் தள்ளித் தள்ளி உள்ளே விட்டுத் தைக்கிற கைவாகு சிலருக்கு வாய்த்திருக்கிறது, எனக்கு வாய்க்கவில்லை. அதனால் ஓரத்தை முதலிலேயே மடித்து, துண்டு அட்டை மாதிரி விறைப்பாக நிற்கும்படி செய்துவிட்டுத்தான் நான் ஊசியைக் கையில் எடுப்பேன். அதற்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்று கஞ்சி, இன்னொன்று பசை. ஏழெட்டு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, நல்ல துணிகள் சிலவற்றைப் பாழாக்கி, எது எங்கே உதவும் என்று இப்போதுதான் ஒரு கணக்குக்கு வந்திருக்கிறேன்.

கஞ்சி விஷயத்தில் நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து பாடம் நடத்த வேண்டாம். நான் இருப்பது பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில். தறிக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவது தெரிந்த ஊர். கஞ்சி ஏறினால் நூலின் பிசிறு படிந்து, இழை விறைத்து, தறியில் உரசி அறுந்துபோகாமல் தாக்குப்பிடிக்கும். நம் வேலையிலும் நடப்பது அதேதான். மாவுச்சத்து மணிகள் சுடுதண்ணீரில் சுமார் 60 முதல் 70 டிகிரி சூட்டில் உப்பி, உடைந்து, கூழாகும். அதைத் துணியில் தடவி மடித்துச் சூடு வைத்தால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், இழைகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய படலம் மட்டும் தங்கி அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மடிக்கும்போது ஈரம் இருக்க வேண்டும், எடுக்கும்போது ஈரம் இருக்கவே கூடாது. மடிப்பு பிரிந்து வருகிறது என்று யார் வந்து புலம்பினாலும் நான் முதலில் கேட்பது, காய்ந்து ஆறின பிறகுதான் எடுத்தீர்களா என்றுதான்.

கஞ்சி காய்ச்சுவது

கடையில் கிடைக்கும் ரிவைவ், உஜாலா கிரிஸ்ப் அண்ட் ஷைன் எல்லாம் இதற்கு ஆகும். அவசரத்துக்கு நானும் வாங்குவேன், சட்டைக்குக் கலப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்துகொள்வேன். ஸ்ப்ரே டப்பா வைத்திருக்கிறவர்கள் நேராகத் துணிமேல் அடிக்காமல், மூடியில் கொஞ்சம் அடித்து நுரை அடங்கினதும் கிடைக்கும் தண்ணீரைத் தொட்டுத் தடவுங்கள், இல்லாவிட்டால் துண்டு முழுக்க நனைந்து அளவு கோணிப்போகும்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது ஜவ்வரிசிக் கஞ்சிதான். சோற்றுக் கஞ்சி கறுப்பிலும் கருநீலத்திலும் வெள்ளை பூத்தது மாதிரி காய்கிறது. ஜவ்வரிசி குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில் செய்வது, அந்தக் கஞ்சி தெளிவாக இருப்பதால் அடர்ந்த நிறத்திலும் அவ்வளவாகத் தெரியாது. நம் பக்கத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமா என்ன, சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆலைக்கு ஆலை காயப்போட்டிருக்கிறார்கள், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் வாங்குகிற ஜவ்வரிசியில் பாயசத்துக்குப் போவதைவிடத் துணிக்குப் போவது அதிகம்.

ஒரு மேஜைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு சின்னப் போசியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். மணிகள் கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியால் நசுக்கினால் கரைகிற பதம் வந்ததும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிடுங்கள். வடிகட்டாமல் விட்டால் சின்னக் கட்டி ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தேய்த்தபின் பரு மாதிரி நிற்கும். ஆத்தா இதற்கு ஒரு பதம் சொல்லிக் கொடுத்தார்கள்: "கரண்டில எடுத்து ஊத்துனா நூலா எறங்கோணும் அம்மிணி. தண்ணியாட்ட உழுந்தாலும் பத்தாது, கட்டியா உழுந்தாலும் ஆவாது." விளக்கெண்ணெய் ஊற்றினால் எப்படி இறங்குமோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சுவது நல்லது, வெளியில் வைத்தால் மறுநாளே புளித்து வாடை வரும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஆனால் யாராவது மோர் என்று நினைத்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

துணி, அட்டை

சுத்தப் பருத்தித் துணிதான் கஞ்சிக்கு மசியும். பாப்ளின், கேம்பிரிக் இரண்டும் தாராளமாக மடியும். டூ பை டூ ஜாக்கெட் துணி மடிப்பதற்கு அல்வா மாதிரி, ஆனால் மெல்லிசு என்பதால் வெளிர் நிறமாக இருந்தால் மடித்த ஓரம் உள்ளிருந்து நிழலாடும். கரூர் பக்கத்துத் திரைச்சீலைத் துணியும் சென்னிமலைப் போர்வைத் துணியும் தடிமன், அவற்றை அடித்துணியாக வைத்துக்கொண்டு சின்னப் பூவுக்கெல்லாம் மெல்லிய துணியை எடுங்கள். திருப்பூர் கட் பீஸ் மூட்டையில் வருவது பெரும்பாலும் பனியன் துணி, அது இழுபடும், எவ்வளவு கஞ்சி போட்டாலும் வட்டம் நீள்வட்டமாகிவிடும்.

வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலத்தோடு கொடுக்கும் ஜாக்கெட் பிட் எல்லார் வீட்டு பீரோவிலும் குவிந்து கிடக்கும், இதற்கு எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எடுக்கலாம், முதலில் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பாகக் குண்டு கட்டினால் பாலியஸ்டர், அதைத் தள்ளி வையுங்கள். எடுத்த துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கின பிறகு வெட்டுங்கள். அரக்கும் கருநீலமும் சாயம் விடுகிற ஜாதி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். கஞ்சி ஈரத்திலேயே சாயம் கசிந்து வெள்ளை அடித்துணியில் இறங்கின குவில்ட் (துணியை அடுக்கித் தைக்கிற போர்வை) ஒன்று என்னிடம் இருக்கிறது, ஒறம்பரை வந்தால் அதை மடித்து அடியில் வைத்துவிடுவேன்.

உருவத்தின் அளவுக்கு வெட்டி, அதன்மேல் துணியின் ஓரத்தை மடிக்க ஒரு அட்டை வேண்டும். அதற்கு வெளிநாட்டில் ஃப்ரீசர் பேப்பர் என்று ஒன்றைச் சொல்வார்கள். அமெரிக்காவில் இறைச்சி பொதிந்து வைக்கிற காகிதம் அது, ஒரு பக்கம் சாதாக் காகிதம், மறுபக்கம் பளபளவென்று மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பளபளப்புப் பக்கம் துணியில் படும்படி வைத்துத் தேய்த்தால் இலேசாக ஒட்டிக்கொள்ளும், உரித்தால் தடம் இல்லாமல் வந்துவிடும். இரண்டு தாளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துவிட்டால் கஞ்சி வேலைக்கு வேண்டிய விறைப்பும் கிடைத்துவிடும். ஆன்லைனில் வாங்கலாம், விலைதான் கொஞ்சம் கடிக்கும். நான் கஞ்சிக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைத்தான் வெட்டுகிறேன். வைகாசியும் ஆவணியும் வந்தால் வீட்டில் அடுக்கு அடுக்காகச் சேர்ந்துவிடுகிறது, தடிமனும் சரியாக இருக்கிறது. தங்க எழுத்தும் பிள்ளையார் படமும் அச்சடித்த பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், சூட்டில் மை துணிக்கு மாறும். புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையும் ஆகும். வெட்டின அட்டையின் விளிம்பில் நெளிவு இருந்தால் துணியிலும் அதே நெளிவு விழும், உப்புத்தாளை ஒரு சுற்று ஓட்டி வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் தாள் எதுவும் வேண்டாம், உருகித் தேய்ப்புப் பெட்டியில் ஒட்டினால் சுரண்டி மாளாது.

தேய்ப்புப் பெட்டி சின்னதாக, மூக்கு கூராக இருந்தால் நல்லது. ஆவி வேண்டாம், தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பருத்திச் சூட்டில் வையுங்கள். அடியில் மெத்தென்று விரிப்புப் போடாமல், ஒரு பலகைமேல் பழைய துண்டை இரண்டாக மடித்துப் போட்டால் போதும், மடிப்பு கத்தி மாதிரி விழ அடி கெட்டியாக இருக்க வேண்டும்.

ஒரு இலையைக் கஞ்சியில் மடித்துப் பார்ப்போம்

புங்கன் இலை மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம், மூன்று இஞ்ச் நீளம், நடுவில் ஒன்றரை இஞ்ச் அகலம், ஒரு முனை கூர். வேப்பிலையில் ஆரம்பிக்காதீர்கள், அந்தப் பல்லு பல்லான ஓரத்தைப் பார்த்தே வெறுத்துவிடும்.

துணியின் பின்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, அட்டையைக் கிராஸாக வையுங்கள், டெய்லர் கிராஸ் பட்டிக்கு எப்படி வெட்டுவாரோ அந்தக் கோணத்தில். அப்போது இலையின் இரண்டு பக்க வளைவும் துணி இழுபடுகிற திசையில் அமைந்து, சொன்னபடி கேட்டு வளையும். சுற்றிக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக, ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதைவிடக் குறைந்தால் கையில் பிடிபடாது, கூடினால் வளைவில் மடிப்பு மேல் மடிப்பாகக் குவியும்.

குழந்தைகள் படம் வரையும் தூரிகை ஒன்றைக் கஞ்சியில் தொட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துணிக்கு மட்டும் தடவுங்கள். நடுவில் தடவினால் அட்டை ஊறிப்போகும். தடவின உடனே மடிக்காமல் அரை நிமிடம் விடுங்கள், கஞ்சி இழைக்குள் இறங்கட்டும். முதலில் கூர்முனை. முனையில் இருக்கும் துணியை நேராகக் கீழே அட்டைமேல் மடித்து, பெட்டியின் மூக்கை வைத்து அழுத்துங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும், அது அடங்குகிற வரைக்கும் எடுக்காதீர்கள். அப்புறம் முனையிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம், அது காய்ந்ததும் மறுபக்கம். இடது கையில் ஒரு பல்குச்சியோ மழுங்கின கோணியூசியோ வைத்துக்கொண்டு துணியை உள்ளே தள்ள, வலது கையில் பெட்டி பின்னாலேயே வர வேண்டும். விரலால் தள்ளிக்கொண்டே தேய்த்தால் என்ன ஆகும் என்று என் ஆள்காட்டி விரலைப் பார்த்தால் தெரியும்.

இலையின் பக்கங்கள் வெளியே வளைவதால் அங்கே கத்தரியால் கட் கொடுக்கக் கூடாது. கட் கொடுத்த இடமெல்லாம் நல்ல பக்கத்தில் முட்டு முட்டாகத் தெரியும். அதற்குப் பதிலாக ஒரே இடத்தில் பெரிதாக மடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு, சின்னச் சின்ன நெருக்கமாக உள்ளே கொண்டுபோங்கள். ஓரத்தில் எங்காவது மூக்கு மாதிரி நீட்டினால் பயப்பட வேண்டாம், அந்த இடத்தை மறுபடி கஞ்சியால் நனைத்துப் பிரித்து மடித்துக்கொள்ளலாம். பத்து தடவை தப்பு செய்தாலும் பதினோராவது தடவைக்கு விடுகிற இந்தக் குணத்துக்காகவே எனக்குக் கஞ்சி பிடிக்கும்.

இரண்டு பக்கமும் மடித்து முடித்தால் கூர்முனைக்கு அருகில் துணியின் வால் ஒன்று நாய்க்காது மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும். எல்லாருக்கும் எட்டிப் பார்க்கும், மனதை விட்டுவிடாதீர்கள். பின்பக்கம் கனமாக இருந்தால் உள்ளே இருக்கும் மிச்சத்தைக் கொஞ்சம் கத்தரித்து, பல்குச்சியில் கஞ்சி தொட்டு வாலை இலைக்கு அடியில் தள்ளி, ஒரே அழுத்து. முழுக்க மடித்ததும் திருப்பிப் போட்டு நல்ல பக்கத்தில் ஒருமுறை தேய்த்துவிட்டு, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். சூடு ஆறினதும் மடிப்பை மெதுவாகக் கொஞ்சம் திறந்து அட்டையை உருவி, மடிப்பை மறுபடி படியவைத்து ஒரு தேய்ப்பு. இலை தயார். அந்த அட்டையில் இன்னும் பத்து இலையாவது செய்யலாம், அதனால்தான் ஒரே உருவம் நிறைய வருகிற வேலைக்குக் கஞ்சியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

உட்பக்கம் வளைகிற ஓரத்துக்கு நேர் எதிர் வழி. இதய வடிவத்தின் மேல் பள்ளம், பிறையின் உள்வளைவு, இங்கெல்லாம் கட் கொடுக்காமல் மடியவே மடியாது. அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கட் கொடுத்து, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இதயப் பள்ளத்தில் மட்டும் ஒரே ஒரு கட், கோட்டுக்கு இரண்டு இழை மிச்சம் வைத்து. அந்த இடத்தில் பிசிறு வருவதற்குள் பல்குச்சி முனையால் பசை ஒரு துளி வைத்துவிடுவேன், கஞ்சி வேலையாக இருந்தாலும்.

வட்டத்துக்குக் கோயமுத்தூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று: வாஷர். மோட்டார் ஸ்பேர் கடையில் எல்லா அளவிலும் இரும்பு வாஷர் கிடைக்கிறது, அளவு பிசகாத வட்டம், சூட்டுக்கும் அசையாது. பெரிய வட்டத்துக்குப் பத்து ரூபாய் நாணயம், அது 27 மில்லிமீட்டர். துணியை வட்டமாக வெட்டி, விளிம்பை ஒட்டி ஓட்டுத்தையல் ஓட்டி, நடுவில் வாஷரை வைத்து நூலை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி சுருங்கிக்கொள்ளும். நூலை முடிந்து, கஞ்சி தொட்டு, இரண்டு பக்கமும் தேய்த்து, நன்றாக ஆறவிட்டு வாஷரை எடுங்கள். இரும்பு சூட்டை விடாமல் வைத்திருக்கும், அவசரப்பட்டுத் தொட்டுவிடாதீர்கள்.

இடவல மாற்றத்தையும் மறந்துவிடக் கூடாது. அட்டையைத் துணியின் பின்பக்கம் வைத்து வரைவதால் முடிகிற உருவம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். இலைக்கும் பூவுக்கும் பரவாயில்லை. தங்கை கல்யாணத்துக்கு விரிப்பு ஒன்று தைத்தேன், இரண்டு மயில் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு அட்டையைத் திருப்பி வெட்டியவள் இன்னொன்றுக்கு ஏதோ குழப்பத்தில் மறுபடியும் திருப்ப, இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பின்னால் ஒன்றாகப் போகிற மாதிரி ஆகிவிட்டது, எங்கள் கடலைக்காட்டுக்குள் வரிசையாக நடந்துபோகிற மயில்கள் மாதிரியே. அதையும் தைத்தே கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் அட்டைமேல் "இந்தப் பக்கம் மேலே" என்று பேனாவில் எழுதாமல் எதையும் வெட்டுவதில்லை.

பசை வழி

பசை என்றதும் மர வேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசையை எடுத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் நான் செய்தது அதைத்தான். காய்ந்தபின் ஓரம் கல்லாகி ஊசி இறங்கவில்லை, இரண்டு ஊசி முறிந்ததுதான் மிச்சம், எத்தனை தடவை ஊறவைத்தும் அந்தத் திட்டுப் போகவே இல்லை. நமக்கு வேண்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற குச்சிப் பசை, ஃபெவிஸ்டிக் மாதிரி. தண்ணீரில் கழுவினால் போகும் வகையாக இருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் துண்டுத் துணியில் தடவி, காயவிட்டு, அலசிப் பார்த்துவிடுங்கள். பேனா போல மெல்லிய முனையோடு வரும் துணிப் பசையும் ஆன்லைனில் கிடைக்கிறது, நேர்த்திதான், ரீஃபில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

பசைக்கு அட்டை தடிமனாக இருக்கத் தேவையில்லை, ஃப்ரீசர் பேப்பர் ஒரு தாளோ சாதா ஏ4 தாளோ போதும், அது தைக்கிற வரைக்கும் உள்ளேயே இருக்கும். தாளைத் துணியின் பின்பக்கம் ஒட்டி, அதே ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, தாளின் விளிம்பிலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி மெல்லிய கோடாகப் பசை இழுங்கள். விளிம்பிலேயே பசை இருந்தால் தைக்கும்போது ஊசி பிசுபிசுக்கும். பிறகு கட்டைவிரலால் துணியைத் தாள்மேல் மடித்துக்கொண்டே போக வேண்டியதுதான், தேய்ப்புப் பெட்டியே வேண்டாம். கூர்முனைக்கும் வளைவுக்கும் கஞ்சிக்குச் சொன்ன அதே முறை. தேவைக்கு மேல் ஒரு பொட்டுப் பசைகூட வேண்டாம்.

பெட்டி வேண்டாம் என்பதால் இதை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் முப்பது இதழ் மடித்துவிடுவேன், அவிநாசி தாண்டும்போது கழுத்து வலிக்க ஆரம்பிக்கும், அத்தோடு சரி. ஆடி மாதம் மட்டும் ஜன்னலோரம் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இதழை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், வீட்டிலேயே ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வெட்டின துண்டுகளைப் பரப்புகிறோம். சித்திரை வெயிலில் குச்சிப் பசை வெண்ணெய் மாதிரி இளகித் துணியில் அப்பிக்கொள்ளும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

உள்ளே இருக்கும் தாளை எடுக்க இரண்டு வழி. முக்கால்வாசி தைத்து முடித்து ஒரு இஞ்ச் திறப்பு விட்டு, அதன் வழியாகச் சாமணத்தால் இழுத்துவிட்டு மீதியைத் தைக்கலாம், சின்ன உருவத்துக்கு இது சுலபம். பெரிய உருவமாக இருந்தால் முழுக்கத் தைத்துவிட்டு, பின்னால் திருப்பி, தையலுக்குக் கால் இஞ்ச் உள்ளே தள்ளி அடித்துணியை மட்டும் வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டு நனைத்தால் பசை இளகித் தாள் வந்துவிடும். வெட்டும்போது மேல்துணியைக் கையால் தூக்கிப் பிரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பூவையே சேர்த்து வெட்டினவர்கள் இருக்கிறார்கள், யார் என்று சொல்ல மாட்டேன்.

எதை எதற்கு என்று கேட்டால், ஒரே இலை நாற்பது, ஒரே வட்டம் அறுபது என்று வரிசையாகச் செய்யக் கஞ்சி. கோணல்மாணலான ஒற்றை உருவம், மயில் கழுத்து, எழுத்து, வெளியில் உட்கார்ந்து செய்கிற வேலை, இதற்கெல்லாம் பசை. ஐப்பசி கார்த்திகை மழையில் கஞ்சி போட்ட மடிப்பு ஈரம் குடித்துத் தளரும், அந்த மாதங்களில் மடித்ததை நாலைந்து நாளில் தைத்துவிட வேண்டும், அல்லது பசைக்கு மாறிவிட வேண்டும்.

அடித்துணியில் ஏற்றுவது

மடித்த துண்டின் பின்னால் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நாலு இடத்தில் குச்சிப் பசையைத் தொட்டு, அடித்துணியில் வைத்து அழுத்திவிட்டால் குண்டூசி வேண்டாம். பத்தாம் நம்பரோ பதினோராம் நம்பரோ மெல்லிய ஊசி, மேல்துணியின் நிறத்துக்கு ஒத்த நூல். அடித்துணியின் நிறத்தில் நூல் எடுத்தால் ஒவ்வொரு தையலும் புள்ளியாகத் தெரியும். அடியிலிருந்து ஊசியை ஏற்றி மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் பிடித்து, ஏறின இடத்துக்கு நேர் கீழேயே இறக்கி, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடுத்தது. ஜாக்கெட்டுக்கு எம்மிங் செய்து பழகின கைக்கு இது புது வேலையே இல்லை, எங்கள் தெருவில் எம்மிங் செய்கிற அக்கா ஒருவர் முதல் நாளே என்னைவிட நேர்த்தியாகத் தைத்தார். கூர்முனையிலும் இதயப் பள்ளத்திலும் மட்டும் தையலை நெருக்கிப் போடுங்கள். மெஷினில் தைப்பதானால் கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலில் ஒரு மில்லிமீட்டர் அகல ஜிக்ஜாக் போதும். தேரில் தொங்குகிற தொம்பையும் துணிமேல் துணி ஒட்டித் தைத்த வேலைதான், ஆனால் அதை நாம் பார்ப்பது கீழே நின்று அண்ணாந்து. குவில்ட்டை மூக்குக்கு நேரே போர்த்திக்கொள்வதால் தையல் பொடிசாக இருக்க வேண்டியிருக்கிறது.

தேய்ப்புப் பெட்டியின் அடியில் கஞ்சி கருகிப் பழுப்பு பிடித்திருந்தால், காகிதத்தில் தூள் உப்பைப் பரப்பி அதன்மேல் சூடான பெட்டியை நாலு இழுப்பு இழுங்கள், வந்துவிடும். வெள்ளைத் துணியில் வைப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

குவில்ட்டை முடித்ததும் கட்டாயம் அலச வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அமுக்கி அலசி, தண்ணீர் வழவழப்பு இல்லாமல் வருகிற வரைக்கும் மாற்றி, நிழலில் கயிற்றுக்குப் பதிலாகக் கட்டில்மேல் பரப்பிக் காயவையுங்கள், ஈரத்தில் தொங்கினால் தன் கனத்திலேயே இழுபட்டுவிடும். அலசாமல் உள்ளே வைத்தால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் எலிக்கும் நாமே விருந்து வைக்கிற மாதிரி, அதுகளுக்குக் கஞ்சி என்றால் உயிர். என் முதல் குவில்ட்டை அப்படியே மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். அடுத்த மார்கழிக் குளிருக்கு எடுத்தபோது பூவை விட்டுவிட்டு, கஞ்சி ஏறின ஓரத்தை மட்டும் கோடு போட்ட மாதிரி ராமபாணம் அரித்திருந்தது. அரித்த இடத்தின் மேலெல்லாம் புதிதாக இலை மடித்துத் தைத்தேன், பதினோரு இலை. பார்க்கிறவர்கள் அந்த இலைகளைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள்.